மாநில எல்லை வரைதான் அது மருந்து

சாமி, உன் அப்பன் எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை. உன் அம்மா கூப்பிட்டாலும் அடித்து ஓய்கிறது, உன் தங்கை கூப்பிட்டாலும் அப்படியே. என் மேல் கோபமென்றால் என்னோடு மட்டும் பேசாமல் இரு, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? டீசல் பில்லுக்கும் பர்மிட் விண்ணப்பத்துக்கும் தவிர நான் பேனா பிடித்தவன் இல்லை. இப்போது வீட்டு மேசையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் தங்கை இதை டைப் செய்து உனக்கும் அனுப்புவாள், நம் ஊர் போர்வெல் ரிக் ஓனர்கள் எல்லாரும் இருக்கிற குரூப்பிலும் போடுவாள். "ஏனுங்ப்பா, குடும்ப விசயத்தை இப்படி ஊருக்கே போடறதா?" என்று கேட்டாள். போலீஸ் ஜீப் நம் வாசலில் நின்றதை ஊரே வேடிக்கை பார்த்த பிறகு மூடி மறைக்க என்ன மிச்சம் இருக்கிறது? போர் போடப் பிள்ளைகளை வடக்கே அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிற அப்பன்மார் எல்லாரும் படிக்கட்டும். என்னைப் போல் யாரும் புத்திகெட்டுப் போகாமல் இருந்தால் சரி.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் தங்கைக்குக் கல்யாணம் அடுத்த மாதம். சேந்தமங்கலத்து மாப்பிள்ளை, கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம், உனக்குத் தெரியும். பத்திரிகை அடித்தாகிவிட்டது, திருச்செங்கோட்டில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. நம் கல்யாணத்தில் கைகோர்வை என்று ஒன்று உண்டு, அதையும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் கூடப் பிறந்தவன் மாப்பிள்ளையோடு கை கோர்த்து உட்கார வேண்டும். இனி இவளுக்கு நாம் இரண்டு பேரும் பொறுப்பு என்று ஊர் முன்னால் சொல்வது அது. ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம் என்று நம்மவர்கள் பல பேர் எதையெதையோ விட்டுவிட்டார்கள். கைகோர்வையை மட்டும் யாரும் விடவில்லை. உன் தங்கைக்குக் கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன்தான். அந்த ரிக் உன் இடது கையை எடுத்துக்கொண்டது. வலது கை இருக்கிறது. அந்தக் கையைத்தான் கேட்கிறேன்.

உன் கை போன அன்று நான் அழவில்லை என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். ரிக்கில் துளை போடும் ராடு மாற்றும்போது கம்பிக் கயிறு அறுந்து விழுந்தது. உயிர் தப்பியதே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அதையே சொல்லிக்கொண்டேன். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்தார்கள். காயம் ஆறினால் எல்லாம் ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன். காயம் ஆறிவிட்டது. அதற்குப் பிறகுதான் வலி வந்தது. "அப்பா, சுண்டுவிரலை யாரோ பின்னால முறிக்கறாங்கப்பா" என்று நீ கத்தினாய். எந்தச் சுண்டுவிரல்? அங்கே விரலும் இல்லை, கையும் இல்லை. மடித்துப் பின் குத்திய சட்டைக் கைதான் இருந்தது. நானோ, "இல்லாத வெரல் எப்படிடா வலிக்கும், சும்மா மனசுல நெனச்சுக்கிட்டுக் கத்தாத" என்றேன். டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார். கை போனாலும் அந்தக் கையின் நினைப்பு மூளையில் போகாதாம். பொய் வலி இல்லை, நிஜ வலி. சிலருக்குத் தானாகக் குறையும், சிலருக்குக் குறையவே குறையாது.

உனக்குக் குறையவில்லை. மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒன்றைத் தின்றால் பகலெல்லாம் எச்சில் வழியத் தூங்கினாய், ஒன்றைத் தின்றால் சோறு இறங்கவில்லை, இன்னொன்றைத் தின்றுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசினாய். உன் அம்மா உன் பக்கத்தில் உட்கார்ந்து, கை இருந்த இடத்தில், வெறும் மெத்தையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க முடியாமல் நான் பட்டறைக்குப் போய்விடுவேன். ஒருநாள் நீ கிணற்றடியில் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றதை நான் பார்த்தேன். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளே கிணற்றுக்குக் கம்பி வலை போட்டேன். பூனை விழுகிறது என்று சொன்னேன். பூனைக்காக இல்லை என்று உனக்கும் தெரியும்.

ராஜஸ்தானில் ஓடும் நம் வண்டிக்கு மேனேஜராகப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நாங்கள் மூன்று பேரும் நைந்து போயிருந்தோம். போய்க் கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் காலையில் நீ போன் செய்தாய். "அப்பா, நேத்து முழுசாத் தூங்கினேங்ப்பா" என்றாய். குரலே வேறாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு உன் அம்மாவும் கேட்டாள். கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்ன மருந்து என்று கேட்டேன். "பாங்குங்ப்பா" என்றாய். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். கஞ்சாச் செடியின் இலையை அரைத்து உருட்டி விற்பது என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "கஞ்சாக் குடிக்கியையாடா பெத்து வெச்சிருக்கறேன்? கை போனதுக்கு மானமும் போகோணுமா?" என்று கத்தி போனை வைத்தேன். நீ மறுபடி கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. இப்போது நீ எடுக்காமல் இருப்பதற்கு எனக்கு நன்றாகத்தான் வேண்டும்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வண்டிக் கணக்குப் பார்க்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறி வந்தேன். உன்னை அடித்து இழுத்துக்கொண்டு போவதாகத்தான் எண்ணம். நீ என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் வண்டியில் உட்கார வைத்து அந்தக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனாய். ஏதோ ஒரு சந்தில், மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற இடமாக இருக்குமென்று நினைத்தேன். கடைத்தெரு நடுவில், மிட்டாய்க் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருந்தது. மேலே பெரிய போர்டு. அரசு அனுமதி பெற்றது என்று எழுதியிருப்பதாக நீ படித்துச் சொன்னாய். உள்ளே லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான், நம் ஊர் மெடிக்கலில் மாட்டியிருக்கிற மாதிரி. கடைக்காரன் வயசாளி, நெற்றியில் பட்டை. போலீஸ்காரர் ஒருத்தர் வந்து அவனிடம் சுகம் விசாரித்துவிட்டுப் போனார். நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன், உனக்கு ஒன்றுமே இல்லை. அவன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லையாம். குடித்துவிட்டு வருபவனுக்குக் கொடுப்பதில்லையாம். லைசென்ஸ் ஏலத்தில் எடுத்தது, ஒரு தப்பு நடந்தால் கடையே போய்விடும் என்றானாம். நான் வேற்றூர்க்காரன் என்று தெரிந்ததும் இன்னொன்றும் சொன்னான், நீ தமிழில் சொன்னாய்: "இதை ரயில்ல எடுத்துட்டுப் போயிராதீங்க. மாநிலம் மாறுனா மருந்து கேஸாயிரும்."

அந்த வார்த்தை எனக்கு உடனே விளங்கியது. ஆயுள் பூராவும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுவதைப் பார்த்தவன் நான். ஒரு ஊரில் பகலில் ரிக் வண்டி ஓடலாம், அடுத்த ஊரில் கூடாது. ஒரு மாநிலத்தில் போர் போடத் தடையில்லை, அடுத்ததில் தாசில்தார் கையெழுத்து வேண்டும். ரோடு ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான், நடுவில் ஒரு போர்டு இருக்கும், அதைத் தாண்டினால் நேற்றுவரை செய்தது குற்றம். இரும்புக்கு அது சரி. என் பிள்ளையின் தூக்கத்துக்கும் அதே போர்டு நிற்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு நீ அந்த உருண்டையில் கொஞ்சம் கிள்ளிப் பாலில் கரைத்துக் குடித்தாய். ஆட்டமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தாய். காலையில் நான் எழுந்து பல் விளக்கி, டீ குடித்து, நம் ஆட்களோடு பேசி முடித்த பிறகும் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். முகத்தில் வெயில் அடித்தது. என் துண்டை எடுத்து ஜன்னலில் கட்டினேன். இத்தனை வருசத்தில் உன் கை விசயத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஊருக்குத் திரும்பும்போது உன்னிடம் இரண்டு விசயம் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். அளவைக் கூட்டாதே. இன்றைக்குக் கிள்ளியதில் தூக்கம் வந்தால் நாளைக்கும் அவ்வளவுதான், மனசு சரியில்லாத அன்றைக்கு ஒரு பொட்டுக்கூட அதிகம் வேண்டாம். வண்டியில் வேலை செய்கிற பையன்கள் யாருக்கும் தொட்டுக்கூடக் காட்டாதே. உனக்கு மருந்தாக இருப்பது, ராடு ஏற்றுகிறவன் வாயில் விழுந்தால் இன்னொரு வீட்டில் இன்னொரு கை போகும். அங்கே அது சட்டப்படி கடையில் கிடைப்பதாலேயே நல்லதாகிவிடாது. இங்கே கிடைக்காததாலேயே நீ கெட்டவனாகிவிடவும் மாட்டாய். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று, உனக்காவது சீக்கிரம் புரியட்டும்.

கல்யாணம் நிச்சயமானதும் உனக்குச் சொன்னேன். சந்தோசப்பட்டாய். பிறகு கேட்டாய், "நான் எப்படிங்ப்பா வாரது?" வந்து போக ஒரு வாரமாவது ஆகும், மருந்து இல்லாமல் முடியாது. "இங்க நான் நோயாளிங்ப்பா. அங்க கொண்டுட்டு வந்தா அக்யூஸ்டு." உனக்கு என்ன பதில் சொன்னேன்? "நீ சும்மா இரு, பர்மிட் எடுக்கறது என் வேலை" என்றேன். எவ்வளவு தைரியம் பார். எந்த மாநிலத்துக்குள் வண்டி நுழைய வேண்டுமென்றாலும் பேப்பர் கொடுத்தால் கதவு திறக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவன். இதற்கும் ஏதாவது ஒரு பேப்பர் இருக்கும், எந்த ஜன்னலில் நீட்டுவது என்பதுதான் தெரிய வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

நம் வண்டிக்கெல்லாம் பர்மிட் எடுத்துக் கொடுக்கிற புரோக்கரிடம்தான் முதலில் போனேன். விசயத்தைச் சொன்னதும் அவன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "ஏனுங்ணா, வண்டிக்குத்தானுங்க நேசனல் பர்மிட்டு. மனுசன் வலிக்கு ஏதுங்க பர்மிட்டு?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "இந்தப் பேச்சை இதோட உட்டுருங்ணா. வேற யாருகிட்டயும் கேக்காதீங்க. நம்ம வண்டிக டெய்லி பார்டர் தாண்டுது, போலீசு கண்ணு நம்ம மேல உழுந்துரும், சொல்லிப்புட்டேன்" என்றான். அவன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு புரோக்கருக்கு என்ன தெரியும் என்று சேலத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன்.

வக்கீல் நல்ல மனுசர், பொறுமையாகச் சொன்னார். நாடு முழுக்க இருக்கிற சட்டத்தில் கஞ்சா என்றால் அந்தச் செடியின் பூவும் காயும்தானாம். தனி இலை அதில் வராதாம். இலையை என்ன செய்வது என்று அந்தந்த மாநிலம் முடிவு செய்துகொள்ளலாம். அங்கே கடை வைத்து ஏலம் விட்டிருக்கிறார்கள். இங்கே மதுவிலக்குச் சட்டத்தில் அதையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். "அப்ப என்ற பையன் கொண்டு வந்தா கஞ்சாக் கேஸ் ஆகாதுங்களா?" என்று கேட்டேன். "அரைச்ச உருண்டைங்க. அதுல எல மட்டும் இருக்குதா, பூவும் கலந்திருக்குதான்னு பாத்தாத் தெரியாது. லேப்புக்கு அனுப்பி ரிப்போர்ட் வரோணும். வாதாட நமக்கு எடம் இருக்குதுங்க. ஆனா வாதாடறதுக்கு முன்னால உங்க பையன் உள்ள போயிட்டு வரோணும். ஒத்தக் கையோட, மருந்து இல்லாம, அங்க" என்றார். இலையில் செய்கிற ஆயுர்வேத மருந்து ஏதோ சீட்டோடு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு வைத்தியரையும் பார்த்தேன். "வழியில யாராச்சும் நிறுத்துனா நான் வந்து சாட்சி சொல்லோணும், என்னய உட்டுருங்க" என்று கும்பிட்டார்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் நம் குடியைக் கெடுத்தது. வக்கீலும் கைவிரித்தாயிற்று, இனி மேலே இருக்கிறவர்களிடமே கேட்டுவிடுவோம் என்று ஒரு திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றேன். வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. நான் மனு எழுதினால் எப்படி எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். எதையும் விட மாட்டேன். குறையிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பழக்கம். உன் பெயர், நீ இருக்கிற ஊர், கை இல்லாத உன் போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு, கடையில் வாங்கிய பில், அதன் நகல், கல்யாணப் பத்திரிகை, நீ வரப்போகிற தேதி வரைக்கும் எழுதி, என் மகன் தங்கையின் திருமணத்துக்கு வந்து போகும் நாட்களுக்கு மட்டும் மேற்படி மருந்தைக் கொண்டுவர அனுமதித்து உதவ வேண்டும் என்று கையெழுத்துப் போட்டேன். மனுவை வாங்கிய ஆபீசர் அம்மா இரண்டு தடவை படித்துவிட்டு, "நீங்க இதைக் குடுத்துத்தான் ஆவோணுங்களா?" என்று கேட்டார். நல்ல மனசோடு கேட்டிருக்கிறார். எனக்குத்தான் உறைக்கவில்லை. "எல்லா இணைப்பும் வெச்சிருக்கறேனுங்க" என்றேன்.

மனு போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. மதுவிலக்கு சம்பந்தப்பட்டது, போலீசுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. எஸ்.ஐ. வந்தார், சின்னப் பையன், உன் வயசுதான் இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அலமாரியைப் பார்த்தார், உன் ரூமைப் பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கையா. நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க, நான் பாக்காம உட்டா என்னயக் கேப்பாங்க. உங்க பையன் எந்த ட்ரெயின்ல வாராருங்க?" என்று கேட்டார். உன் அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்ற பையன் திருட்டுத்தனமா வந்திருந்தாக்கூட நல்லா வந்து போயிருப்பான். நீங்க நேர்மையாக் கேட்டுல்ல புடிச்சுக் குடுத்துட்டீங்க" என்றாள்.

சேந்தமங்கலத்துக்கும் செய்தி போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "மச்சான், பையன் வந்தா மண்டபத்துக்குப் போலீஸ் வரும்னு பேசிக்கறாங்க. அவரு வராட்டியும் பரவாயில்லீங்க. உங்க பங்காளி மக்கள்ல யாராச்சும் கைகோர்வைக்கு உக்காரட்டும்" என்றார். சரியென்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற உன் தங்கை போனைப் பிடுங்கினாள். "மாமா, எங்கண்ணன் இருக்கறப்ப இன்னொருத்தரு எனக்கு அண்ணனா உக்காரக் கூடாதுங்க. அண்ணன் வரலீன்னா நான் மணவறைக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மாப்பிள்ளை இன்னும் அவளுக்காகத்தான் பேசுகிறார். பெரியவர்கள் பொறுக்கிற அளவுக்கு ஒரு எல்லை உண்டு.

ஆகவே சாமி, இப்போது கேட்கிறேன். ஒன்றும் எடுக்காமல் வா. பையில் உடுத்துகிற துணியைத் தவிர ஒன்றும் வேண்டாம். எந்த ஸ்டேஷனில் யார் பையைத் திறந்தாலும் திறக்கட்டும். சேலத்தில் வலிக்கென்றே பார்க்கிற ஒரு டாக்டரிடம் பேசிவிட்டேன். ஊசி போட்டு, வேறு மாத்திரை கொடுத்து, அந்த ஒரு வாரத்தை ஓட்டப் பார்க்கலாம் என்றார். "சத்தியம் பண்ணிக் குடுக்க மாட்டனுங்க, முயற்சி பண்றேன்" என்றார். அது போதும். கைகோர்வை முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள். தாலி கட்டியதும் சாப்பிடக்கூட நிற்க வேண்டாம், நானே உன்னை ரயில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கடை வாசலில் விடுகிறேன். ஒரு வாரம். உன் தங்கைக்காக ஒரு வாரம். உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். வேறு வழி தெரியவில்லை எனக்கு. நீ வரவில்லையென்றால் இந்தக் கல்யாணம் நிற்குமா, போகுமா என்றே தெரியவில்லை.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். உன் தங்கை காலையில் டைப் செய்ய உட்கார்ந்தாள். பாதியில் நம் டிரில்லர் முருகேசன் அங்கிருந்து கூப்பிட்டான். உனக்குத் தெரியாமல் கூப்பிடுவதாகச் சொன்னான். முதலில் ரிக் பழுது என்றுதான் நினைத்தேன். "ஐயா, அண்ணன் மருந்தை நிறுத்திப்போட்டாருங்க. கல்யாணத்துக்கு வெறுங்கையா வாரதுக்குப் பழகிக்கறேன்னு சொல்றாருங்க. நாலஞ்சு நாளாச்சுங்க. சோறு இல்லீங்க, தூக்கம் இல்லீங்க. போன் அடிச்சா எடுக்கறதுக்குப் பயப்படறாருங்க, பேசறப்பக் கத்திருவேன்னு. வாயில துண்டைக் கடிச்சுட்டுக் கெடக்கறாருங்க" என்றான். போனை உன் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். வைத்தான். நீ என்னிடம் பேசவில்லை, நான் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியாது. ஆனால் நான் கேட்டேன். கிணற்றுக்கு வலை போட்ட காலத்துச் சத்தம். அதைவிடப் பெரிசு. உன் தங்கையும் கேட்டாள்.

நான் சொல்வதற்கு முன்னாலேயே நீ ஆரம்பித்துவிட்டாய். கோபத்தில் போன் எடுக்கவில்லை என்று நான் இங்கே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், நீ அங்கே எனக்காக வெந்துகொண்டிருக்கிறாய். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொள் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். ஒன்றும் எடுக்காமல் வா என்று எழுதியதை அடித்துவிடச் சொன்னேன் உன் தங்கையிடம். அவள்தான் இருக்கட்டும் என்றாள். "நீங்க கேட்டதும் இருக்கட்டும், இப்பச் சொல்றதும் இருக்கட்டும், அண்ணன் ரெண்டையும் படிக்கட்டும்" என்றாள். மணவறைக்கு வரமாட்டேன் என்றவள் இப்போது என்ன சொல்கிறாள் தெரியுமா? "வரச் சொல்லாதீங்ப்பா. எனக்கு எங்கண்ணன் வேணும், கைகோர்வை வேண்டாம்" என்கிறாள். சொல்லிவிட்டு அழுகிறாள். அவள் அழுதபடியேதான் இதை டைப் செய்கிறாள்.

வராதே சாமி. என் வாயால் சொல்கிறேன், வராதே. சேந்தமங்கலத்துக்கு நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். சம்மதித்தால் கல்யாணம் நடக்கட்டும், இல்லையென்றால் என் மகளை இன்னும் கொஞ்ச காலம் நானே வைத்துக்கொள்கிறேன். கைகோர்வை இடத்தில் யாரையும் உட்கார வைக்க மாட்டேன். அண்ணன் எங்கே என்று கேட்கிறவர்களிடம், உயிரோடு இருக்கிறான், தூங்குகிறான் என்று சொல்வேன். சட்டம் எப்போது மாறுமோ, மாறாமலே போகுமோ, எனக்குத் தெரியாது. மாறினால் கூப்பிடுகிறேன். மாறாவிட்டால் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் அங்கே வருகிறோம். உனக்கு மருந்தை விட்டு நகர முடியாது, எங்களுக்கு என்ன, இந்த ஊரை விட்டு நகர முடியாதா? துண்டை வாயிலிருந்து எடு. முருகேசனை வண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கஞ்சாக் குடிக்கி என்று திட்டிய அதே அப்பன்தான் சொல்கிறேன், கடை சாத்துவதற்குள் போய்விடு.